குறைந்த அளவு ஈயமும் எலிகளின் நடத்தையும்: எஃப்ஐ சோதனையைச் சரியாக அமைப்பது எப்படி?

#1 · நடத்தைப்பதிவு

எல்லோருக்கும் வணக்கம்.

ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் டெபோரா கோரி-ஸ்லெக்டா ஈயம், பூச்சிக்கொல்லி, காற்றுமாசு எல்லாம் மூளையையும் நடத்தையையும் என்ன செய்கின்றன என்று பல பத்தாண்டுகளாக ஆராய்ந்து வருபவர். அவருடைய ஈய ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருவது நிலை இடைவெளிச் சோதனை. எஃப்ஐ என்று சொன்னால்தான் பலருக்குப் புரியும். கூண்டில் ஒரு லீவர். கடைசியாகத் தீனி விழுந்து 60 வினாடி ஆன பிறகு வரும் முதல் அழுத்தத்துக்குத்தான் அடுத்த தீனி. அதற்கு முன்னால் எத்தனை முறை அழுத்தினாலும் பயனில்லை.

இதைத் திரும்பச் செய்து பார்க்கும் திட்டம் ஒன்று கையில் இருக்கிறது: குழுவுக்கு 6 தாய் எலிகள், தாய்க்கு 8 குட்டிகள், ஆக 48. குடிநீரில் 150 பிபிஎம் (லிட்டருக்கு 150 மில்லிகிராம்) ஈய அசிட்டேட் என்ற ஈய உப்பு. ஒப்பீட்டுக் குழுவுக்குக் குழாய்த்தண்ணீர். குட்டிகள் வளர்ந்ததும் எஃப்ஐ 60.

கேட்க வேண்டியவை:

1. ஏன் எஃப்ஐ? எல்லோரும் வைத்திருக்கும் நீர்ப்புதிர்த் தொட்டி (தண்ணீருக்குள் மறைந்த மேடையை எலி நீந்திக் கண்டுபிடிக்கும் சோதனை) போதாதா?
2. 150 பிபிஎம் என்பது ஈயத்துக்கா, உப்புக்கா? கட்டுரைக்குக் கட்டுரை மாறுகிறதே.
3. 48 குட்டிகள் போதுமா?

திட்டத்தில் ஓட்டை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

---

#2 · கூண்டுவிளக்கு

முதல் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். மற்றவற்றுக்கு வேறு நண்பர்கள் வருவார்கள்.

எஃப்ஐயின் பலமே அது விலங்கை அதன் போக்கில் விட்டுவிடுவதுதான். 30 நிமிட அமர்வில் எஃப்ஐ 60 வைத்தால் அதிகபட்சம் 30 தீனி. ஓர் எலி இடைவெளிக்கு ஒரே அழுத்தம் வீதம் 30 முறை அழுத்தினாலும் கிட்டத்தட்ட 30 தீனிதான். 1,000 முறை அழுத்தினாலும் அதே 30தான். எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதைத் தீனி முடிவு செய்வதில்லை, எலிதான் முடிவு செய்கிறது. அதனால் மூளையில் நேர்ந்த சிறிய மாற்றமும் அழுத்தும் வீதத்தில் தெரிந்துவிடுகிறது.

எஃப்ஆர் என்கிற நிலை விகிதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதில் 20 அழுத்தத்துக்கு ஒரு தீனி என்றால் வேகமாக அழுத்துகிறவனுக்குத் தீனி சீக்கிரம் கிடைக்கும். எல்லா எலிகளும் வேகமாகவே அழுத்தும். பரிசின் பிடி அவ்வளவு இறுக்கமாக இருக்கும்போது நஞ்சின் விளைவு தெரிய இடமே இருக்காது.

எஃப்ஐயில் ஈயத்தின் விளைவு ஒரே திசையில் போகாது. குறைந்த அளவில் அழுத்தும் வீதம் கூடுகிறது. அளவு உயரும்போது, குறிப்பாகத் தொடக்க அமர்வுகளில், வீதம் குறைகிறது. கவிழ்த்த கிண்ணம் போன்ற வளைவு. ஒரே ஒரு அளவை மட்டும் வைத்துச் சோதித்து, வளைவு ஏறி இறங்கி ஒப்பீட்டுக் குழுவின் வீதத்தையே தொடும் இடத்தில் அது விழுந்துவிட்டால் "விளைவு இல்லை" என்று எழுதிவிடுவோம். குறைந்தது இரண்டு அளவுகளாவது வையுங்கள். திட்டத்தில் எனக்குப் படுகிற முதல் ஓட்டை இதுதான்.

நீர்ப்புதிர் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதில் கண்பார்வை, நீந்தும் வேகம், தண்ணீரின் குளிர், பதற்றம் எல்லாம் கலந்து வரும். மேடையைத் தண்ணீருக்கு மேலே தெரியும்படி வைத்து ஒரு சோதனை செய்யாமல், "நினைவாற்றல் குறைந்தது" என்று சொல்லவே கூடாது.

---

#3 · தடயஉலோகம்

இரண்டாவது கேள்வி. கேட்டதற்கு நன்றி, இதில்தான் ஆய்வுகளை ஒப்பிடும்போது பெரிய பிழை நடக்கிறது.

கடையில் வருவது பெரும்பாலும் ஈய அசிட்டேட் டிரைஹைட்ரேட். மூலக்கூறு நிறை 379.3. அதில் ஈயம் 207.2. அதாவது உப்பில் 54.6 சதவீதம்தான் ஈயம். ஆகவே:

– "150 பிபிஎம் ஈயம்" வேண்டுமென்றால் லிட்டருக்கு 275 மில்லிகிராம் உப்பு.
– "150 பிபிஎம் ஈய அசிட்டேட்" என்று உப்பை நிறுத்துப் போட்டால் கிடைப்பது 82 பிபிஎம் ஈயம்.

கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வித்தியாசம். எதைச் சொல்கிறீர்கள் என்பதைக் கட்டுரையில் வார்த்தையால் எழுதுங்கள். அதைவிட முக்கியம், புட்டியில் உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து எழுதுங்கள்.

அளக்கச் சொல்வதற்குக் காரணம் குழாய்த்தண்ணீர். அதில் கார்பனேட்டும் பாஸ்பேட்டும் இருந்தால் ஈயம் வெள்ளையாகக் கலங்கி அடியில் தங்கிவிடும். எலி மேலே இருக்கும் தெளிவைக் குடிக்கும். காகிதத்தில் 150, வயிற்றுக்குள் போவது வேறு. அயனி நீக்கிய நீரையே இரண்டு குழுவுக்கும் பயன்படுத்துங்கள். வாரம் இரண்டு முறை புதிதாகக் கலக்குங்கள். புட்டியை நிரப்பும் நாளிலும் மாற்றும் நாளிலும் ஒரு மில்லிலிட்டர் எடுத்து, நைட்ரிக் அமிலம் 1 சதவீதம் சேர்த்து அளந்து பாருங்கள். இரண்டு எண்ணும் விலகினால் ஈயம் படிகிறது அல்லது புட்டிச் சுவரில் ஒட்டுகிறது.

குடிநீர்க் குழல் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். பித்தளை வேண்டாம். பித்தளையிலேயே ஈயம் இருக்கும். தானியங்கிக் குடிநீர் இணைப்பில் ஒரு பித்தளை வால்வு போதும், ஒப்பீட்டுக் குழுவும் ஈயம் குடித்துக்கொண்டிருக்கும்.

தீவனத்தையும் பாருங்கள். தானியத் தீவனத்தில் ஈயமும் கால்சியமும் இரும்பும் தொகுதிக்குத் தொகுதி மாறும். கால்சியமும் இரும்பும் குறைந்தால் குடல் ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சும். ஏஐஎன்-93ஜி போன்ற தூய கலவைத் தீவனம் என்றால் கால்சியம் கிலோவுக்கு 5 கிராம் என்று நிலையாக இருக்கும்.

மிஞ்சிய நீர், படுக்கைத் தூள் எல்லாம் ஈயக் கழிவுதான். சாக்கடையில் ஊற்றாதீர்கள், தனியாகச் சேர்த்து ஒப்படையுங்கள்.

---

#4 · ஈற்றுக்கணக்கு

மூன்றாவது கேள்விக்கு நேரடியான பதில்: தனித்தனியாக ஈயம் பெற்றவை என்று பார்த்தால் உங்களிடம் 48 இல்லை, 6 தாய்கள்தான்.

ஈயம் கொடுப்பது தாய்க்கு. ஓர் ஈற்றுக் குட்டிகள் (ஒரே பிரசவத்தில் பிறந்தவை) எல்லாம் ஒரே கருப்பை, ஒரே பால், ஒரே தாய் நக்கிவிடும் பராமரிப்பு. அவை ஒன்றையொன்று ஒத்திருக்கும். ஈற்றுக்குள் ஒட்டுறவு, அதாவது உடன்பிறப்புகள் ஒத்திருக்கும் அளவு, 0.4 என்று வைத்துக்கொள்வோம். 8 குட்டி என்றால் பெருக்கம் 1 + 7 × 0.4 = 3.8. 48-ஐ 3.8-ஆல் வகுத்தால் சுமார் 12.6 தனி விலங்குகளின் தகவல்தான். 48 தனி விலங்குகள் என்று நினைத்து, இரு சராசரிகளை ஒப்பிடும் டி-சோதனை போட்டால் இல்லாத விளைவை "இருக்கிறது" என்று அறிவிப்பீர்கள். நடத்தை நஞ்சியலில் மறுபடியும் செய்தால் கிடைக்காமல் போகும் முடிவுகளுக்கு இது ஒரு பெரிய காரணம்.

செய்ய வேண்டியது:

– பிறந்த 4-ஆம் நாளில் எல்லா ஈற்றையும் 8 குட்டிகளாகக் குறையுங்கள், முடிந்தவரை 4 ஆண், 4 பெண். பெரிய ஈற்றில் பால் பங்கு குறையும், எடை குறையும், அது ஈயத்தின் விளைவு போலவே தோன்றும்.
– எஃப்ஐக்கு ஓர் ஈற்றிலிருந்து ஓர் ஆண், ஒரு பெண் மட்டும்.
– பகுப்பாய்வில் ஈற்றைத் தனி அடுக்காக வையுங்கள்.

வளர்ச்சிக்கால நரம்பு நஞ்சியலுக்கான ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு) 426 வழிகாட்டி ஒவ்வொரு அளவுக் குழுவுக்கும் 20 ஈறுகள் கேட்கிறது. ஆடம்பரம் என்று நினைக்க வேண்டாம்.

---

#5 · நடத்தைப்பதிவு

மிக்க நன்றி. குழாய்த்தண்ணீர் விஷயம் யோசிக்கவே இல்லை.

எஃப்ஐ தரவை எப்படிச் சுருக்குவது என்று கேட்க வேண்டும். "நிமிடத்துக்கு இத்தனை அழுத்தம்" என்று ஒரு எண் கொடுத்தால் போதுமா? கருவிகளில் கவனிக்க வேண்டியவற்றையும் கூண்டுவிளக்கு அவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

#6 · கூண்டுவிளக்கு

ஒரு எண் போதாது. ஓர் இடைவெளியை மட்டும் எடுத்துக் காட்டுகிறேன், கணக்கு விளங்குவதற்காக நானே எழுதிய எண்கள்.

எலி அ: 31, 38, 43, 47, 50, 52, 54, 56, 57, 58, 59, 61 ஆகிய வினாடிகளில் அழுத்துகிறது. மொத்தம் 12. 61-இல் தீனி.

எலி ஆ: முதல் அழுத்தம் 9-ஆம் வினாடி. ஆறாவது 21-இல். மொத்தம் 24. 60-இல் தீனி.

மொத்த வீதம்: அ-வுக்கு நிமிடத்துக்குச் சுமார் 12, ஆ-வுக்கு 24. "ஈயம் வீதத்தை இரட்டிப்பாக்கியது" என்று தலைப்பு போடத் தோன்றும். இப்போது பிரித்துப் பாருங்கள்.

தீனிக்குப் பிந்திய ஓய்வு: அ 31 வினாடி, ஆ 9 வினாடி.

ஓட்ட வீதம், அதாவது ஓய்வை நீக்கிய பிறகான வேகம்: அ 30 வினாடியில் 12, நிமிடத்துக்கு 24. ஆ 51 வினாடியில் 24, நிமிடத்துக்கு 28. பெரிய வித்தியாசம் இல்லை!

கால்வாழ்வு, அதாவது மொத்த அழுத்தத்தில் கால் பங்கு முடியும்போது இடைவெளியில் எவ்வளவு கழிந்திருக்கிறது: அ-வின் மூன்றாவது அழுத்தம் 43-இல், 70 சதவீதம். ஆ-வின் ஆறாவது 21-இல், 35 சதவீதம். சீராக அழுத்திக்கொண்டே இருந்தால் 25 சதவீதம் வரும். நேரத்தை உணர்ந்து காத்திருக்கும் எலிக்கு அது மேலே போகும்.

ஆக, ஆ வேகமான எலி அல்ல; காத்திருக்க முடியாத எலி. கை துடிப்பும் பொறுமையின்மையும் வேறு வேறு மூளை விஷயங்கள். மொத்த வீதத்தை மட்டும் கொடுத்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். நஞ்சியலாளர் டெபோரா ரைஸ் குரங்குகளில் செய்த ஈய ஆய்வுகளிலும் ஓய்வு, ஓட்ட வீதம் என்று பிரித்துப் பார்த்ததால்தான் விளைவின் உருவம் தெரிந்தது. அந்தக் குரங்குகளின் நிலைத்த இரத்த ஈயம் டெசிலிட்டருக்கு 11, 13 மைக்ரோகிராம்தான்.

பயிற்சி வரிசை: முதலில் தீனித் தட்டின் ஓசைக்குப் பழக்கம். பிறகு ஒவ்வொரு அழுத்தத்துக்கும் தீனி, 100 தீனி சேரும்வரை. அதன் பிறகு நேரே எஃப்ஐ 60. வாரம் 5 நாள், 30 நிமிடம், 30 முதல் 40 அமர்வு. எல்லா அமர்வையும் ஒரே சராசரியாக்க வேண்டாம். கற்கும் காலமும் நிலைத்த காலமும் தனித்தனி.

கருவிகளில் கெடுவது:

லீவர் துள்ளல். ஒரே அழுத்தத்தில் தொடுமுனை இருமுறை படும்; கணினி 2 என்று எண்ணும். இரண்டு அழுத்தங்களுக்கு இடையிலான நேரங்களைப் படமாகப் போடுங்கள். 20 மில்லிவினாடிக்குக் கீழே ஒரு குவியல் தெரிந்தால் அது எலியல்ல, சுவிட்சு.

லீவரின் எடை. 25 கிராமுக்கு இறங்கும்படி எல்லாக் கூண்டிலும் எடைக்கல் வைத்துச் சரிசெய்யுங்கள். ஒரு கூண்டு 15-இலும் இன்னொன்று 35-இலும் இருந்தால் நீங்கள் அளப்பது ஸ்பிரிங்கை.

தீனி வழங்கி. 45 மில்லிகிராம் உருண்டையின் தூள் தட்டில் படிந்து அடைக்கும். தீனி விழாத இடைவெளிக்குப் பின் எலி வெறித்தனமாக அழுத்தும். அதைப் பொறுமையின்மை என்று எழுதிவிடுவோம். விழும் தீனியை ஒளிக்கதிர் உணரியால் எண்ணுங்கள், அமர்வு முடிந்ததும் கூண்டில் மிஞ்சியதைக் கையால் எண்ணுங்கள்.

கூண்டு ஒதுக்கீடு. ஈயக் குழு முழுக்க 1 முதல் 4, ஒப்பீட்டுக் குழு 5 முதல் 8 என்று ஒருபோதும் வேண்டாம். ஒவ்வொரு சுற்றிலும் கலந்து போடுங்கள். அந்தந்த எலிக்கு அதே கூண்டு, அதே நேரம். அமர்வை நடத்துகிறவருக்கு எது எந்தக் குழு என்று தெரியக் கூடாது.

---

#7 · தடயஉலோகம்

கூண்டுவிளக்கு ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். எஃப்ஐக்காக எலிகளைப் பசியில் வைப்பீர்கள், முழு எடையில் 85 சதவீதம் என்ற கணக்கில். பசித்த குடல் ஈயத்தை மிகவும் கூடுதலாக உறிஞ்சும். குடிநீரில் ஈயமும் பட்டினியும் ஒன்றாக நடந்தால் இரத்த ஈயம் நீங்கள் திட்டமிட்ட இடத்தில் நிற்காது. வளர்ச்சிக்கால விளைவுதான் கேள்வி என்றால், 21-ஆம் நாள் பால்குடி மறந்ததும் ஈயத்தை நிறுத்திவிட்டு எஃப்ஐயைப் பிறகு வையுங்கள்.

இரத்தம் எப்போது எடுப்பது என்பதும் தனிக் கேள்வி. மனித இரத்தத்தில் ஈயத்தின் அரைவாழ்வு (பாதியாகக் குறையும் காலம்) ஒரு மாதம் அளவுக்கு. எலும்பில் ஆண்டுக்கணக்கில், பத்தாண்டுக் கணக்கில். இரத்த அளவு சமீபத்தைச் சொல்லும், பழைய கணக்கைச் சொல்லாது. எஃப்ஐ செய்யும் வயதில் எலியின் இரத்தம் சுத்தமாகியிருக்கும், மூளையில் நடந்தது நடந்தபடி இருக்கும். அதனால் சோதனைக்கு வராத உடன்பிறப்புகளிடமிருந்து 5-ஆம் நாள், 21-ஆம் நாள், வளர்ந்த பிறகு என மூன்று தருணத்தில் எடுங்கள்.

வாலில் கீறி எடுக்காதீர்கள். வாலின் மேல் ஈயத்தண்ணீரும் எச்சமும் ஒட்டியிருக்கும். ஒரு சொட்டு எண்ணைப் பல மடங்காக்கும். கருணைக்கொலையின்போது உடலிலிருந்து நேரே எடுக்கும் இரத்தமே நல்லது. வேறு வழியில்லை என்றால் சோப்பு, அயனி நீக்கிய நீர், துடைப்பு, முதல் சொட்டை விடுதல் என்ற வரிசை. இரத்தம் உறையாமல் வைக்கும் ஈடிடிஏ குழாய்களின் ஒவ்வொரு தொகுதியிலும் ஐந்தாறை வெறுமையாக அமிலத்தால் கழுவி அளந்து பாருங்கள். குழாயிலிருந்தே ஈயம் வருவதுண்டு. கண்டறியும் எல்லைக்குக் கீழே வந்த மதிப்பைப் பூஜ்யம் என்று போடவும் கூடாது.

---

#8 · பால்பல்

இழையை ஆவலோடு படித்துவந்தேன். மனிதர்கள் பக்கம் ஒரு சொல்.

எலும்பும் பல்லும் பழைய கணக்கை வைத்திருக்கும் என்பதைப் பயன்படுத்தியவர் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் ஹெர்பர்ட் நீடில்மன். 1979-இல் வந்த ஆய்வு. மாசசூசெட்ஸில் செல்சி, சோமர்வில் பள்ளிப் பிள்ளைகளின் விழுந்த பால்பற்களைச் சேகரித்து டென்டினில் (எனாமலுக்கு உள்ளே இருக்கும் பல் பகுதி) ஈயம் அளந்தார். அதிக ஈயம் உள்ள 58 பேர், குறைந்த ஈயம் உள்ள 100 பேர் என்று ஒப்பிட்டார். ஐக்யூ, மொழி, கவனம் எல்லாவற்றிலும் வித்தியாசம். வேறு 39 காரணிகளைப் பார்த்தும் அதை விளக்க முடியவில்லை. அதோடு 2,146 பிள்ளைகளை ஆசிரியர்கள் மதிப்பிட்ட படிவம்: பல்லில் ஈயம் படிப்படியாகக் கூடக் கூட, வகுப்பில் கவனம் சிதறுவது போன்ற நடத்தைகளும் படிப்படியாகக் கூடின. அந்தப் பிள்ளைகளில் ஒருவருக்கும் ஈய நச்சு என்று யாரும் நோய் கண்டறிந்திருக்கவில்லை.

2005-இல் ஆய்வாளர் புரூஸ் லான்ஃபியரின் குழு ஏழு தொடர் ஆய்வுகளின் 1,333 பிள்ளைகளை ஒன்றாகப் பார்த்தது. இரத்த ஈயம் டெசிலிட்டருக்கு 2.4-இலிருந்து 10 மைக்ரோகிராமுக்கு ஏறும்போது ஐக்யூ 3.9 புள்ளி குறைகிறது. 10-இலிருந்து 20-க்கு 1.9. 20-இலிருந்து 30-க்கு 1.1. முதல் சில மைக்ரோகிராமில்தான் இழப்பு செங்குத்தாக இருக்கிறது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் எல்லை 1991-இல் 10, 2012-இல் 5, 2021-இல் 3.5. கடைசி இரண்டும் "இதற்குக் கீழே பாதுகாப்பு" என்ற கோடு அல்ல. பிள்ளைகளில் மேல்மட்டத்தில் இருக்கும் 2.5 சதவீதத்தினரைப் பிரிக்கும் கோடு. பெற்றோரிடம் பேசும் மருத்துவர்களே இதைத் தவறாகச் சொல்கிறார்கள் என்பதுதான் வருத்தம்.

ஆனால் எலியின் பொறுமையின்மையிலிருந்து ஒரே தாவாகப் பிள்ளையின் கவனச் சிதறலுக்குப் போகாதீர்கள். எலி ஆய்வு காரணத்தை நிறுவ உதவும். பிள்ளைகளில் பாதிப்பின் அளவைச் சொல்லப் பிள்ளைகளைத்தான் பார்க்க வேண்டும்.

---

#9 · நடத்தைப்பதிவு

மேற்கோள்: "ஐக்யூ 3.9 புள்ளி குறைகிறது"

தனிப் பிள்ளையை எடுத்தால் 4 புள்ளி என்பது சோதனையின் ஏற்ற இறக்கத்துக்குள்ளேயே அடங்கிவிடுமே? இவ்வளவு கவலைப்படுவது ஏன்?

---

#10 · ஈற்றுக்கணக்கு

பெர்னார்டு வைஸ் காட்டிய கணக்கைப் பாருங்கள். அவரும் ராச்செஸ்டர்காரர், நடத்தை நஞ்சியலை ஒரு துறையாக நிலைநிறுத்தியவர்களில் முக்கியமானவர்.

10 கோடிப் பேர் கொண்ட ஒரு மக்கள்தொகை. சராசரி ஐக்யூ 100, திட்ட விலக்கம் 15. 130-க்கு மேல் 23 லட்சம் பேர், 70-க்குக் கீழே 23 லட்சம் பேர். சராசரி 5 புள்ளி மட்டும் இறங்கி 95 ஆகட்டும். 130-க்கு மேல் 9.9 லட்சம் பேர்தான் மிஞ்சுவார்கள். 70-க்குக் கீழே 48 லட்சம் பேர் போவார்கள். நடுவில் கண்ணுக்கே தெரியாத நகர்வு, இரு ஓரங்களிலும் மடங்குக் கணக்கில் மாற்றம். தனி உதவி தேவைப்படும் பிள்ளைகள் இரண்டு மடங்குக்கு மேல்.

மருத்துவமனையில் ஒரு பிள்ளையைப் பார்ப்பவருக்கு 4 புள்ளி தெரியாது என்பது உண்மைதான். அந்த இழப்பு யாருக்கும் தெரியாமல் நடக்கிறது, அதனால்தான் அதை இவ்வளவு சிரமப்பட்டு அளக்கிறோம்.

---

#11 · பால்பல்

நடந்த இழப்பை மருந்தால் மீட்க முடியுமா என்ற கேள்வியும் வரும் என்பதால் முன்கூட்டியே எழுதுகிறேன். முயன்று பார்த்தார்கள். இரத்த ஈயம் 20 முதல் 44 வரை இருந்த 780 பிள்ளைகள். பாதிப் பேருக்கு ஈயத்தைப் பற்றி வெளியேற்றும் சக்சிமர், பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை. 2001-இல் முடிவு வந்தது. இரத்த ஈயம் இறங்கியது. அறிவுத்திறன், நடத்தை மதிப்பெண்கள் மேம்படவில்லை. தடுப்பதுதான் வழி. இந்த அளவில் கிலேஷன் (உலோகத்தைப் பற்றி வெளியேற்றும் மருத்துவம்) பயனற்றது.

---

#12 · கூண்டுவிளக்கு

"பயனற்றது" என்பதில் கொஞ்சம் மாறுபடுகிறேன், மரியாதையோடு.

அந்தச் சோதனையில் இரு குழுவுக்கும் இடையே இரத்த ஈய வித்தியாசம் ஆறு மாதச் சராசரியில் 4.5 மைக்ரோகிராம்தான். எலும்பிலிருந்து ஈயம் திரும்ப ஊறிவிடுகிறது. அவ்வளவு சிறிய வித்தியாசத்திலிருந்து பலனை எதிர்பார்ப்பது கடினம். எலிகளில் 2007-இல் வந்த ஆய்வு: ஈயம் ஏறிய எலிகளுக்குச் சக்சிமர் கொடுத்தபோது கற்றலும் கவனமும் மேம்பட்டன. அதே ஆய்வு, ஈயமே ஏறாத எலிகளுக்கு அதே மருந்தைக் கொடுத்தபோது அவற்றின் அறிவாற்றலில் நீடித்த கெடுதல் உண்டானது.

---

#13 · பால்பல்

ஏற்கிறேன். "அந்த அளவில், அந்த முறையில், பிள்ளைகளின் மதிப்பெண்ணில் பலன் காட்டவில்லை" என்று திருத்திக்கொள்கிறேன். நீங்கள் சொன்ன இரண்டாம் பாதிதான் எனக்கு அதிகக் கவலை. இரத்த ஈயத்தை அளக்காமலேயே "உலோகக் கழிவு நீக்கம்" என்று பிள்ளைகளுக்குக் கிலேஷன் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். மருந்து கொடுத்த பிறகு சிறுநீரில் உலோகம் அளந்து "பாருங்கள், எவ்வளவு வருகிறது" என்று காட்டுகிறார்கள். கிலேஷன் மருந்து கொடுத்தால் யாருக்கும் சிறுநீரில் உலோகம் கூடத்தான் செய்யும். அந்த எண்ணை ஒப்பிட எந்த அளவுகோலும் இல்லை.

---

#14 · நடத்தைப்பதிவு

ஒரு கேள்வி விட்டுப்போயிற்று. கோரி-ஸ்லெக்டாவின் பிந்திய ஆய்வுகளில் தாய்க்கு மன அழுத்தமும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். அது எதற்கு?

---

#15 · கூண்டுவிளக்கு

ஈயம் அதிகம் படும் குடும்பங்களில் வறுமையும் நெருக்கடியும் கூடவே இருக்கும். புள்ளியியலில் வறுமையை "இடையூறு காரணி" என்று கழித்துவிடுவது வழக்கம். அவர் வேறு மாதிரி கேட்டார்: ஈயமும் மன அழுத்தமும் மூளையில் ஒரே பாதையைத் தொட்டால், கழிப்பது சரியா?

2004-இல் வந்த ஆய்வின் அமைப்பு: பெண் எலிகளுக்கு இனச்சேர்க்கைக்கு இரண்டு மாதம் முன்பே 150 பிபிஎம் ஈயம், எலும்பிலும் ஏறட்டும் என்பதற்காக. கர்ப்பத்தின் 16, 17-ஆம் நாட்களில் நாளுக்கு மூன்று முறை, முறைக்கு 45 நிமிடம், அசைய முடியாதபடி குழலில் அடைப்பு. குட்டிகள் வளர்ந்த பிறகு பார்த்தால், ஆண் குட்டிகளில் ஈயம் மட்டுமே அழுத்த ஹார்மோனான கார்ட்டிகோஸ்டீரோனை நிரந்தரமாக உயர்த்தியிருந்தது. பெண் குட்டிகளில் ஈயமும் அழுத்தமும் சேர்ந்தபோது உயர்ந்தது. எஃப்ஐயிலும் பெண் குட்டிகளே கூடுதலாகப் பாதிக்கப்பட்டன.

இதிலிருந்து உங்கள் திட்டத்துக்கு இரண்டு விஷயம். ஆணையும் பெண்ணையும் ஒரே குழுவாகச் சேர்க்காதீர்கள். அடுத்தது, நீங்கள் கொடுக்காத மன அழுத்தமும் கணக்கில் வரும். கர்ப்பிணி எலியை வண்டியில் ஏற்றி அனுப்புவது, கட்டட வேலைச் சத்தம், கூண்டை அடிக்கடி மாற்றுவது எல்லாம் அழுத்தம்தான். கர்ப்பமான எலிகளை வாங்காமல், உங்கள் கூடத்திலேயே இனச்சேர்க்கை செய்யுங்கள்.

---

#16 · தடயஉலோகம்

ஈயத்துக்கு எழுதியதை மீத்தைல் பாதரசத்துக்கு அப்படியே எடுத்துப்போக வேண்டாம் என்று ஒரு குறிப்பு, இந்த இழையைப் பிறகு தேடி வருகிறவர்களுக்காக.

அங்கே முடி நல்ல பதிவேடு. மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். பின்னந்தலையில் தோலையொட்டி வெட்டி, வேர்ப்பக்கத்தை நூலால் கட்டி அடையாளமிட்டால், துண்டு துண்டாக மாதக் கணக்கில் படிக்கலாம். வேர்ப்பக்கம் எது என்று தெரியாமல் உறையில் போட்டால் அந்த மாதிரி பாதி வீண்.

இன்னொன்று, மௌன காலம், அதாவது நஞ்சு பட்ட பிறகும் அறிகுறி தெரியாத காலம். 1996 ஆகஸ்டில் வேதியியலாளர் கேரன் வெட்டர்ஹான் கையுறை மேல், மீத்தைல் பாதரசத்தின் உறவான டைமீத்தைல் பாதரசம் சில சொட்டுகள் சிந்தின. லேட்டக்ஸ் கையுறை அதைத் தடுக்கவில்லை. நடை தள்ளாட்டமும் பேச்சுக் குழறலும் வெளிப்பட்டது ஏறக்குறைய ஐந்து மாதம் கழித்து. 1997 ஜூனில் இறந்தார். இந்த வகை நஞ்சுக்கு, கொடுத்து முடித்த வாரத்தில் நடத்தையைச் சோதித்து "பாதிப்பில்லை" என்று முடித்துவிட முடியாது. சோதனை நாட்காட்டியை நீட்ட வேண்டும்.

---

#17 · நடத்தைப்பதிவு

திருத்திய திட்டம், பார்த்துச் சொல்லுங்கள்:

– மூன்று குழு: 0, 50, 150 பிபிஎம் ஈயம் (உப்பல்ல, ஈயம்). குழுவுக்கு 20 ஈறு.
– இனச்சேர்க்கைக்கு இரண்டு மாதம் முன்பு தொடங்கி 21-ஆம் நாள் நிறுத்தம். அயனி நீக்கிய நீர், ஏஐஎன்-93ஜி.
– ஈற்றுக்கு ஓர் ஆண், ஒரு பெண். ஆக எஃப்ஐக்கு 120 எலிகள்.
– உடன்பிறப்புகளிடம் 5, 21, 60-ஆம் நாள் இரத்தம்.
– ஓய்வு, ஓட்ட வீதம், கால்வாழ்வு, மொத்த வீதம் எல்லாம் தனித்தனியாக.

8 கூண்டு, சுற்றுக்குத் துடைப்பதோடு 40 நிமிடம். 15 சுற்று, 10 மணி நேரம். ஒரே நாளில் முடியாது போலிருக்கிறதே?

---

#18 · ஈற்றுக்கணக்கு

ஒரே நாளில் திணிக்காதீர்கள். கடைசிச் சுற்று எலியின் பசி வேறு, வெளிச்ச நேரம் வேறு. இரண்டு தொகுதியாகப் பிரித்து, முதல் தொகுதியின் அமர்வுகள் முடிந்த பிறகே அடுத்தது தொடங்கும்படி இனச்சேர்க்கையைத் தள்ளிச் செய்யுங்கள். தொகுதிக்குக் குழுவுக்கு 10 ஈறு, 60 எலி, 8 சுற்று, ஐந்தரை மணி நேரத்துக்குள் முடியும். மூன்று குழுவும் இரண்டு தொகுதியிலும் சமமாக இருக்க வேண்டும். முதல் தொகுதி முழுக்க ஒப்பீட்டுக் குழு என்று ஆகிவிடக் கூடாது. பகுப்பாய்வில் தொகுதியையும் சேருங்கள்.

---

#19 · தடயஉலோகம்

எல்லாம் சரி, ஒன்று மட்டும் குறைகிறது. 0 பிபிஎம் குழுவுக்கு வெறும் நீர் கொடுத்தால் அசிட்டேட்டின் விளைவைப் பிரிக்க முடியாது. 150 பிபிஎம் ஈயத்தோடு போகும் அசிட்டேட்டுக்குச் சமமாக, லிட்டருக்கு 119 மில்லிகிராம் நீரற்ற சோடியம் அசிட்டேட் போடுங்கள். டிரைஹைட்ரேட் என்றால் 197. 50 பிபிஎம் குழுவிலும் குறையும் பங்கைச் சோடியம் அசிட்டேட்டால் நிரப்பி மூன்றிலும் அசிட்டேட்டைச் சமமாக்குங்கள்: நீரற்றது 79 மில்லிகிராம். புட்டிகளைத் தினம் நிறுத்து, எவ்வளவு குடித்தன என்பதையும் எழுதி வையுங்கள். ஈயத்தண்ணீரின் சுவை பிடிக்காமல் குறைவாகக் குடித்தால் எடை குறையும், அந்த எடைக்குறைவு எஃப்ஐயில் பசியாக வந்து நிற்கும்.